படம் நம்முடையது, சாவி யாருடையது?

புது தில்லி: தில்லி கரோல் பாகில் உள்ள கஃபார் சந்தையைப் பழுதான செல்லிடப்பேசிகளின் மருத்துவமனை எனலாம். உடைந்த திரை, நீரில் விழுந்த கருவி, சார்ஜ் ஏறாத பேட்டரி என எதைக் கொண்டு சென்றாலும் அங்குள்ள கடைக்காரர்கள் ஏதேனும் ஒரு வழி சொல்வார்கள். ஆனால், ஒரு குறைக்கு மட்டும் அந்தச் சந்தையிலும் மருந்து கிடையாது. செல்லிடப்பேசி நன்றாகவே இயங்குகிறது. படங்கள்தான் அதில் இல்லை. அவை எங்கோ தொலைவில் ஒரு நிறுவனத்தின் கணினியில் கிடக்கின்றன. கடவுச்சொல் மறந்துபோயிருக்கலாம், இடம் நிரம்பியிருக்கலாம், கணக்கே முடக்கப்பட்டிருக்கலாம். இதில் கடைக்காரர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஒரு தலைமுறைக்கு முன்பு குடும்பப் படங்கள் இரும்புப் பெட்டியிலும் அலமாரியிலும் இருந்தன. கரையானுக்கும் மழை நீருக்கும் அஞ்ச வேண்டியிருந்ததே தவிர, அவற்றைப் பார்க்க யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. இன்று மகளின் திருமணமும், பேரக் குழந்தையின் முதல் நடையும், மறைந்த பெற்றோரின் கடைசிப் படமும் 'கிளவுட்' எனப்படும் இணையச் சேமிப்பகத்தில் உள்ளன. இதனால் எழும் தொல்லைகளைப் பயன்படுத்தத் தெரியாதவர்களின் தடுமாற்றம் என்றே பலரும் ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில் இது அறியாமையால் மட்டும் விளைந்த சிக்கல் அல்ல. குடிமக்களுக்குக் கிடைக்கவிருந்த ஓர் உரிமை, சட்ட வரைவிலிருந்து சத்தமில்லாமல் நீக்கப்பட்டதற்கும் இதில் பங்குண்டு.

இலவசமாகத் தொடங்கிய பழக்கம்

2015ஆம் ஆண்டு மே மாதம் கூகுள் நிறுவனம் தனது 'கூகுள் போட்டோஸ்' சேவையைத் தொடங்கியபோது, தரத்தைச் சற்றுக் குறைத்துச் சேமிக்க ஒப்புக்கொண்டால், எத்தனை படங்களை வேண்டுமானாலும் கட்டணமின்றி வைத்துக் கொள்ளலாம் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே, 2016 செப்டம்பரில் ஜியோவின் வருகையால் இந்தியாவில் இணையக் கட்டணம் சரிந்தது. குறைந்த கொள்ளளவு கொண்ட மலிவு விலைச் செல்லிடப்பேசி, நாள்தோறும் கிடைக்கும் இணைய இணைப்பு, இலவசச் சேமிப்பகம் ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைத்ததால், கோடிக்கணக்கானோர் தங்கள் படங்களைத் தாங்களே அறியாமல்கூட இணையத்தில் ஏற்றினர். டிராய் புள்ளிவிவரப்படி நாட்டின் அகண்ட அலைவரிசை இணைய இணைப்புகளின் எண்ணிக்கை 2024ஆம் ஆண்டிலேயே 90 கோடியைத் தாண்டிவிட்டது.

இலவசக் காலம் ஆறாண்டுகளில் முடிவுக்கு வந்தது. 2020 நவம்பரில் வெளியான அறிவிப்பின்படி, 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் படங்கள் அனைத்தும் 15 ஜிபி என்ற வரம்புக்குள் கொண்டு வரப்பட்டன. மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் என அனைத்துக்கும் சேர்த்து இந்த 15 ஜிபி மட்டுமே. அந்த அறிவிப்பு வந்த நேரத்தில் அச் சேவையில் 4 லட்சம் கோடிக்கும் அதிகமான படங்கள் சேர்ந்திருந்தன. வாரந்தோறும் 2,800 கோடி படங்கள் புதிதாக ஏற்றப்பட்டு வந்தன. ஆண்ட்ராய்டு செல்லிடப்பேசிகளில் அதுவரை கணக்கில் சேர்க்கப்படாதிருந்த வாட்ஸ்ஆப் உரையாடல்களின் காப்புப் பிரதியும் 2024ஆம் ஆண்டில் இதே 15 ஜிபிக்குள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. ஆப்பிள் நிறுவனமோ 2011ஆம் ஆண்டு 'ஐகிளவுட்' சேவையைத் தொடங்கியபோது அளித்த 5 ஜிபி இலவச இடத்தை அதன் பின்னர் உயர்த்தவே இல்லை.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. படங்களைச் சேமிக்கும் கணினிக் கூடங்களுக்கு நிலமும் மின்சாரமும் குளிரூட்டும் வசதியும் தேவை. எதையும் என்றென்றும் இலவசமாக அளிக்க எந்த நிறுவனமும் கடமைப்பட்டதல்ல. ஆனால், முதலில் இலவசம் என்று பழக்கிவிட்டு, பத்தாயிரக்கணக்கில் படங்கள் சேர்ந்த பின்னர் வாடகை கேட்கும்போது, வெளியேறும் வழி எளிதாக இருக்கிறதா என்பதே கேள்வி.

குழப்பம் எங்கே?

இடம் நிரம்பினால் படம் ஏற்றுவது மட்டும் நிற்பதில்லை. கூகுள் கணக்கில் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். வங்கி அறிக்கையும் வேலைவாய்ப்பு அழைப்பும் அதே முகவரிக்கே வருவதால், படத்துக்காக இல்லாவிட்டாலும் மின்னஞ்சலுக்காகவேனும் பணம் கட்ட வேண்டிய நிலை உருவாகிறது. வரம்பை மீறிய நிலையிலேயே ஈராண்டுகள் நீடித்தால், சேமித்தவை அனைத்தும் நீக்கப்படலாம் என்கிறது அந்த நிறுவனத்தின் விதி. ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்குகளை நீக்கும் நடைமுறையும் 2023 மே மாதம் அறிவிக்கப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது.

அடுத்தது, 'காப்புப் பிரதி' என்ற சொல்லே உண்டாக்கும் மயக்கம். பிரதி என்றால் மூலம் ஓரிடத்தில், நகல் வேறிடத்தில் என்றுதான் மக்கள் பொருள்கொள்கின்றனர். இச் செயலிகள் பலவும் செய்வது அதுவன்று. செல்லிடப்பேசியிலும் இணையத்திலும் உள்ளவற்றை ஒன்றுபோல் வைத்திருப்பதே அவற்றின் வேலை. ஐபோனில் இவ் வசதியை இயக்கியவர், இடம் போதவில்லை என்று கருவியிலிருந்து ஒரு படத்தை நீக்கினால் இணையச் சேமிப்பகத்திலிருந்தும் அது நீங்கிவிடும். கூகுள் செயலியில் 'நீக்கு' என்பதற்கும் 'இடத்தை விடுவி' என்பதற்கும் உள்ள வேறுபாடு மலையளவு. முன்னது இரண்டு இடங்களிலும் அழிக்கும்; பின்னது கருவியில் உள்ளதை மட்டும் அகற்றும். தவறுதலாக நீக்கிய படத்தை மீட்க ஆப்பிளில் 30 நாள்களும், கூகுளில் ஏற்றி முடித்த படங்களுக்கு 60 நாள்களும் அவகாசம் உண்டு. அதற்குள் தவறு தெரியாவிட்டால் படம் போனதுதான்.

இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், முழு அளவுப் படம் இணையத்துக்குச் சென்றுவிடும். கருவியில் தங்குவது சிறிய முன்னோட்டம் மட்டுமே. இணைப்புக் கிடைக்காத மலைக் கிராமத்திலோ, ஓடும் ரயிலிலோ படத்தைத் திறந்தால் மங்கலான நிழல்தான் தெரியும். தன் படத்தைத் தானே பார்ப்பதற்கு ஒருவர் இணைப்புக்குக் காத்திருக்க வேண்டியுள்ளது.

நீதிமன்றப் படியேறிய படம்

இவை எல்லாம் எரிச்சலூட்டும் இடர்ப்பாடுகள். இதைவிடப் பெரிய ஆபத்து, கணக்கே முடக்கப்படுவதாகும். 2024 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இதை நாட்டுக்கு உணர்த்தியது. கணினிப் பொறியாளர் ஒருவர், தான் குழந்தையாக இருந்தபோது பாட்டி தன்னைக் குளிப்பாட்டும் படத்தை இணையச் சேமிப்பகத்தில் ஏற்றினார். அது சிறார் பாலியல் கொடுமையைக் காட்டும் படமாக இருக்கலாம் எனக் கருதி, 2023 மே மாதத்தில் கூகுள் தனது கணக்கை முடக்கியதாக அவர் மனுவில் தெரிவித்தார். மின்னஞ்சலைப் பயன்படுத்த முடியாமல் தொழில் பாதிக்கப்பட்டதாகவும், நிறுவனத்தின் குறைதீர்ப்பு முறையில் முறையிட்டும் பலனில்லை என்றும் கூறினார். முடக்கப்பட்ட கணக்கிலுள்ள தரவுகள் ஓராண்டு நிறைவில் அழிக்கப்படவிருந்ததால், அவசரமாக நீதிமன்றத்தை நாடினார். நிறுவனத்துக்கும் மத்திய, மாநில அரசுகளுக்கும் நோட்டீஸ் அனுப்ப உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

சிறார்களைக் காக்கும் கண்காணிப்பு தேவையானது என்பதில் இருவேறு கருத்து இல்லை. ஆயினும், வீட்டுக்கு வீடு ஆல்பத்தில் இருக்கும் குளியல் படத்துக்கும் குற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் இயந்திரம் தவறாகக் கணித்தால், அதைத் திருத்தச் சாமானியர் எங்கே செல்வது? உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்வது எல்லோராலும் ஆகக் கூடியதா?

இலவசமானால் நுகர்வோர் இல்லையா?

இத்தகைய குறைகளுக்கு மக்கள் முதலில் நினைப்பது நுகர்வோர் ஆணையத்தைத்தான். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, புகார்தாரர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க வழி செய்துள்ளது. காரணமின்றி ஒப்பந்தத்தை ஒருதலைப்பட்சமாக முறிக்க ஒரு தரப்புக்கு மட்டும் உரிமை தரும் நிபந்தனைகளை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்றும் அது வகைப்படுத்தியுள்ளது. ஆனால், வாசலிலேயே ஒரு தடுப்பும் உண்டு. கட்டணமின்றி அளிக்கப்படும் சேவை, அந்தச் சட்டத்தின்படி 'சேவை' ஆகாது. எனவே, மாதம் 130 ரூபாய் கட்டி 100 ஜிபி இடம் வாங்கியவர் நுகர்வோர். பத்தாண்டுப் படங்களை 15 ஜிபிக்குள் அடக்கி வைத்தவர் நுகர்வோர் அல்லர் என்று நிறுவனங்கள் வாதிட இடமுள்ளது.

இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் விடையளிக்கக் கூடும். மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வருமா என்ற வழக்கில், 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பளித்தது. அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை சட்டத்தின் வரம்புக்குள் வராது; ஆனால், சிலரிடம் கட்டணம் பெற்று, சிலருக்கு இலவசமாக அளிக்கும் மருத்துவமனை வரும்; அங்கு இலவசச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோரே என்பது அத் தீர்ப்பின் சாரம். கட்டணம் செலுத்துவோரையும் செலுத்தாதோரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் இணையச் சேமிப்பகங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்துமா என்பது ஆராயத்தக்க கேள்வி.

பணம் கட்டும்படி நச்சரிக்கும் அறிவிப்புகள் குறித்தும் விதி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இணையத்தில் மக்களை ஏய்க்கும் 13 வகையான 'இருண்ட உத்திகளை'த் தடை செய்துள்ளன. பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும், சந்தா வலையில் சிக்க வைப்பதும், ஓயாமல் நச்சரிப்பதும் அப் பட்டியலில் உள்ளன. உண்மையிலேயே இடம் நிரம்பும்போது எச்சரிப்பது தவறல்ல. ஆனால், எச்சரிக்கை எங்கே முடிகிறது, நச்சரிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை ஆணையம்தான் வரையறுத்துக் கூற வேண்டும்.

நீக்கப்பட்ட உரிமை

இனி நாடாளுமன்றத்துக்கு வருவோம். அந்தரங்கத்துக்கான உரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தரவுப் பாதுகாப்பு குறித்து ஆராய்ந்த நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு, 2018 ஜூலையில் தனது அறிக்கையையும் வரைவு மசோதாவையும் அளித்தது. ஒருவர் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்த தரவுகளைக் கணினியில் பயன்படுத்தத்தக்க வடிவில் திரும்பப் பெறவும், வேறொரு நிறுவனத்துக்கு மாற்றவும் அவ் வரைவு உரிமை அளித்தது. 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான மசோதாவின் 19ஆவது பிரிவிலும் அந்த உரிமை இடம்பெற்றது.

அந்த மசோதா நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. ஈராண்டுகள் ஆய்வு செய்த குழு, 2021 டிசம்பர் 16ஆம் தேதி அறிக்கை தாக்கல் செய்தது. 81 திருத்தங்கள் பரிந்துரைக்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, 2022 ஆகஸ்ட் 3ஆம் தேதி மத்திய அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றது. அவ் வாண்டு நவம்பரில் வெளியான புதிய வரைவில், தரவை எடுத்துச் செல்லும் உரிமை காணப்படவில்லை. 2023 ஆகஸ்ட் 3ஆம் தேதி அறிமுகமான மசோதாவிலும் அது இல்லை. மணிப்பூர் விவகாரத்தில் அவைகள் கொந்தளித்துக் கொண்டிருந்த அந்த மழைக்காலக் கூட்டத்தொடரில், ஆகஸ்ட் 7ஆம் தேதி மக்களவையும் 9ஆம் தேதி மாநிலங்களவையும் குரல் வாக்கெடுப்பில் மசோதாவை நிறைவேற்றின. 11ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது.

அரசு அமைப்புகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தமும் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. அவை முக்கியமானவையே. ஆனால், அவற்றின் நிழலில் இந்த ஓர் உரிமை மறைந்தது போதிய கவனம் பெறவில்லை.

புதிய சட்டம் தருவது என்ன?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கையாயின. தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைப்பதற்கான பிரிவுகள் உடனே நடைமுறைக்கு வந்தன. பயனாளர்களின் உரிமைகள் தொடர்பான பிரிவுகள் 18 மாதங்களுக்குப் பின், அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் என்பது அந்த அறிவிக்கை.

தன்னைப் பற்றி என்னென்ன தரவுகள் உள்ளன என்பதன் சுருக்கத்தைப் பெறுதல், திருத்துதல், அழிக்கக் கோருதல் ஆகிய உரிமைகள் இதில் உண்டு. குறை குறித்த புகாருக்கு 90 நாள்களுக்குள் நிறுவனம் பதிலளித்தாக வேண்டும். அதன் பின்னரே வாரியத்தை அணுக முடியும். ஒருவர் இறந்துவிட்டாலோ, செயல்பட முடியாத நிலையை அடைந்தாலோ, அவருடைய உரிமைகளைப் பயன்படுத்த வாரிசுதாரரை நியமிக்கும் வசதியும் உள்ளது. மறைந்த தந்தையின் செல்லிடப்பேசியைத் திறக்க முடியாமல் தவிக்கும் குடும்பங்களுக்கு இது பயனுள்ள ஏற்பாடு.

குறைகளும் இல்லாமலில்லை. அழிக்கும்படி கேட்க உரிமை தரும் சட்டம், ஒட்டுமொத்தமாக எடுத்துத் தரும்படி கேட்க உரிமை தரவில்லை. கணக்கு முடக்கப்பட்டவருக்கு வேண்டியது, அழிப்பதற்கு முன் படங்களைத் திரும்பப் பெறுவதல்லவா? விதிமீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வாரியத்தால் இயலும். ஆனால், அப் பணம் இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும். பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு காசும் கிடையாது. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்திடம் இழப்பீடு கோர வகை செய்யும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் இச் சட்டத்தால் நீக்கப்படுகிறது. மறுபுறம், பொய்யான அல்லது அற்பமான புகார் அளிக்கும் குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

எண் மாற்றம் கற்பித்த பாடம்

நிறுவனங்களே சில வசதிகளைச் செய்து தந்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. கூகுளில் சேமித்த அனைத்தையும் பதிவிறக்கிக் கொள்ள 'டேக்அவுட்' என்ற வழி உண்டு. ஆனால், படம் எடுத்த நாள், இடம் போன்ற விவரங்கள் அதில் தனிக் கோப்புகளாகப் பிரிந்து வருவதால், சாதாரணப் பயனாளரால் அவற்றை மீண்டும் இணைப்பது எளிதன்று. ஐகிளவுடிலிருந்து கூகுளுக்குப் படங்களை நேரடியாக மாற்றும் வசதியை 2021ஆம் ஆண்டு ஆப்பிள் தொடங்கியது. கூகுளிலிருந்து ஐகிளவுடுக்கு மாற்றும் வசதி 2024இல்தான் வந்தது. இவை யாவும் நிறுவனங்கள் மனமுவந்து அளிப்பவை. சட்டம் கட்டாயப்படுத்தினால் ஒழிய, நாளை நிறுத்தப்பட்டாலும் கேட்க நாதியில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2018 மே மாதம் நடைமுறைப்படுத்திய தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 20ஆவது பிரிவு, இதையே உரிமையாக அளித்துள்ளது. பிரிட்டனில் 'விச்' என்ற நுகர்வோர் அமைப்பு, தன் கருவி வாங்கியவர்களை ஐகிளவுடுக்குள்ளேயே கட்டிப்போடுவதாக ஆப்பிள் மீது 2024 நவம்பரில் வழக்குத் தொடுத்தது. ஆப்பிள் அதை மறுத்துள்ளது.

வெளிநாட்டு முன்மாதிரிகள்கூடத் தேவையில்லை. செல்லிடப்பேசி எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக் கொள்ளும் வசதி 2010 நவம்பரில் ஹரியாணாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20ஆம் தேதி நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. அதற்கு முன்பு, எண் போய்விடுமே என்ற அச்சத்தால் மோசமான சேவையையும் மக்கள் சகித்துக் கொண்டிருந்தனர். வெளியேறும் உரிமை கிடைத்த பின்னர், வாடிக்கையாளரைத் தக்கவைத்துக் கொள்ள வேண்டிய கவலை நிறுவனங்களுக்கு வந்தது. பத்து இலக்க எண்ணுக்குக் கிடைத்த உரிமை, பத்தாண்டுக் குடும்பப் படங்களுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

சட்டம் மாறும்வரை, படங்களின் மற்றொரு பிரதியைக் கணினியிலோ தனி ஹார்டு டிஸ்க்கிலோ வைத்துக் கொள்வதே பாதுகாப்பு. கணக்கை மீட்பதற்காகக் கொடுத்த செல்லிடப்பேசி எண் இப்போதும் பயன்பாட்டில் உள்ளதா என்றும், வாரிசாக யாரைக் குறித்துள்ளோம் என்றும் சரிபார்த்துக் கொள்வது நல்லது. ஆனால், கணினி இல்லாத, ஒரே செல்லிடப்பேசியை நம்பியுள்ள கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு இந்த அறிவுரை மட்டும் போதாது.

கல்விச் சான்றிதழையும் ஓட்டுநர் உரிமத்தையும் வைத்துக் கொள்ள 2015ஆம் ஆண்டிலேயே 'டிஜிலாக்கர்' அமைத்துத் தந்தது மத்திய அரசு. அரசே அளித்த சான்றிதழ் தொலைந்தால் மறு நகல் பெற்றுக் கொள்ளலாம். தாயின் கடைசிப் படம் தொலைந்தால் மறு நகல் தர எந்த அலுவலகமும் இல்லை. பயனாளர் உரிமைகள் நடைமுறைக்கு வர நாடாளுமன்றத்துக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. 2019 மசோதாவில் இருந்த 19ஆவது பிரிவை மீண்டும் எடுத்துப் படித்துப் பார்க்க உறுப்பினர்களுக்கு அது போதுமானது.